டிசம்பர் 10: ராஜாஜிக்குக் கீழே என்ன எழுதலாம்?

கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளியில் டிசம்பர் 10 அன்று கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதினால் முதல் வரி ராஜாஜிக்குத்தான். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவராயிற்றே. கீழே அமெரிக்க வரலாற்றுக்கு நாலு வரி ஒதுக்குபவர்களுக்கு இந்தத் தேதியில் சரக்கு நிறைய உண்டு. சறுக்கும் இடமும் உண்டு.

தியோடர் ரூஸ்வெல்ட் (1906), மார்ட்டின் லூதர் கிங் (1964), ஒபாமா (2009) மூவருக்கும் அமைதி நோபல் வழங்கியது இதே தேதியில். இதை ‘வியப்பான ஒற்றுமை’ என்று எழுதிவிடாதீர்கள். ஆல்ஃபிரட் நோபல் 1896 டிசம்பர் 10-ல் இறந்தார். அதனால்தான் அன்று விழா. கிங்குக்குப் பரிசு என்று அறிவித்தது அக்டோபர் 14, ஏற்புரை டிசம்பர் 10, நோபல் சொற்பொழிவு மறுநாள். வினாத்தாள்களில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ரூஸ்வெல்ட் விழாவுக்குப் போகவே இல்லை. அமெரிக்கத் தூதர்தான் வாங்கிக்கொண்டார். ரூஸ்வெல்ட் உரையாற்றியது 1910 மே 5-ல். ‘ஆஸ்லோவில்’ என்றும் எழுத முடியாது, ஊரின் பெயர் அப்போது கிறிஸ்டியானியா.

தற்செயலாகவே ஒரே தேதியில் விழுந்தவை வேறு. 1817-ல் மிசிசிப்பி 20-வது மாநிலமானது. ஒரு வரி போதும். 1869-ல் வயோமிங் ஆளுநர் ஜான் கேம்ப்பெல் பெண்கள் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரே ஒரு நிகழ்வுக்குத்தான் இடம் என்றால் என் தேர்வு இதுதான்: 21 வயதான பெண்கள் வாக்களிக்கலாம், பதவியும் வகிக்கலாம். நாடு முழுவதற்கும் அது வர 1920 ஆயிற்று. ஆனால் ‘முதல் மாநிலம்’ என்று எழுதக்கூடாது. வயோமிங் அப்போது பிரதேசம்தான், மாநிலமானது 1890-ல்.

1898-ல் ஸ்பெயினுடன் நடந்த போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்கா வசம் வந்தன. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர் கொடுத்தார்கள். டிசம்பர் 10 கையெழுத்தான நாள் மட்டுமே. செனட் ஒப்புதல் 1899 பிப்ரவரி 6, நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 11. ஆண்டைப் போடாமல் விட்டால் பிள்ளைகள் அமெரிக்க விடுதலைப் போரை முடித்த 1783 பாரிஸ் உடன்படிக்கை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

1948-ன் மனித உரிமைப் பிரகடனத்தை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். வரைவு ஆணையத்துக்கு எலினோர் ரூஸ்வெல்ட் தலைவர் என்றாலும், அது பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. உலக நிகழ்வு என்று தனியே எழுதுங்கள்.