நெட் லைஃப் சயின்ஸ்: டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களைப் பெயர்ப் பட்டியலாகப் படிக்காதீர்கள்

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். முழு சிலபஸுக்கும் வழிகாட்டுகிற பதிவு இல்லை இது. யோசித்து விடை சொல்ல வேண்டிய பார்ட் சி-யில் எனக்குக் கைகொடுத்த ஒரே ஒரு பகுதியைப் பற்றி மட்டும்: மனித மரபணுக்களை முடுக்கியும் அடக்கியும் வைக்கிற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் புரதங்கள்.

இந்தத் தலைப்பு யூனிட் 3-ல் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். 4-ல் சிக்னலிங்காக வரும், 5-ல் கரு வளர்ச்சியாக வரும், 13-ல் ஜெல் படமாக வரும். ஒன்றை உருப்படியாகப் படித்தால் நாலு இடத்தில் மதிப்பெண்.

நான் போன கோச்சிங் சென்டரில் ஜிங்க் ஃபிங்கர், லூசின் ஜிப்பர், ஹோமியோடொமைன் என்று வகை பிரித்துப் பக்கம் பக்கமாகப் பெயர்களை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். மனிதனில் இந்தப் புரதங்கள் சுமார் 1,600 இருக்கின்றன. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை சி2எச்2 ஜிங்க் ஃபிங்கர் வகை. இத்தனை பெயரை மண்டையில் ஏற்றி என்ன லாபம்? பார்ட் சி பெயரைக் கேட்பதில்லை, இந்த இடத்தில் மியூட்டேஷன் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறது. அதில் போன நேரத்தை நினைத்தால் இன்னமும் கோபம்தான் வருகிறது.

அதன்பிறகு நோட்டில் ஒவ்வொரு ஃபேக்டருக்கும் மூன்றே கேள்வி எழுத ஆரம்பித்தேன்.

1. சிக்னல் வருவதற்கு முன் இது எங்கே, யார் பிடியில் இருக்கிறது?
2. அந்தப் பிடியை எது விடுவிக்கிறது?
3. டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி கெட்டால் என்ன, தூண்டும் பகுதி கெட்டால் என்ன?

அழற்சி மரபணுக்களைத் தூண்டும் என்எஃப் கப்பா பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ கப்பா பி என்ற புரதம் அதைச் சைட்டோபிளாசத்தில் பிடித்து வைத்திருக்கிறது. ஐகேகே கைனேஸ் என்ற நொதி பாஸ்பேட் போட்டதும் ஐ கப்பா பி மேல் யுபிக்விட்டின் என்ற அழிவு முத்திரை ஏறி, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் அது அழிகிறது. அப்புறம்தான் என்எஃப் கப்பா பி நியூக்ளியசுக்குள் போகிறது. சரி, புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்து கொடுத்தால்? உள்ளே போகாது. விடை பட்டியலில் இல்லை, இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. என்எஃப்ஏடி என்ற ஃபேக்டர் இதற்கு நேர் எதிர்: கால்சினியூரின் என்ற நொதி பாஸ்பேட்டை எடுத்தால்தான் உள்ளே போகும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் தடுப்பது அந்த வேலையைத்தான். ஆக்சிஜன் குறையும்போது வேலை செய்யும் ஃபேக்டரான ஹிஃப்-1 ஆல்ஃபா, ஆக்சிஜன் இருக்கும்வரை உருவாக உருவாக அழிந்துகொண்டே இருக்கும். அதை அழிவுக்கு அனுப்பும் விஎச்எல் புரதம் பழுதானால் ஆக்சிஜன் இருந்தும் அழியாமல் தங்கி, ரத்தக்குழாய் வளர்க்கும் மரபணுக்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். 2019 நோபல் இந்த ஆக்சிஜன் விவகாரத்துக்குத்தான்.

மூன்றாவது கேள்விதான் என்னைக் கரை சேர்த்தது. பிடிப்பது வேறு, தூண்டுவது வேறு. பாக்டீரியாவின் லெக்ஸ்-ஏ புரதத்தின் டிஎன்ஏ பிடிக்கும் பகுதியோடு ஈஸ்டின் கால்4 என்ற தூண்டும் புரதத்தை ஒட்டி, அந்த ஒட்டுப் புரதம் ஈஸ்டில் மரபணுவைத் தூண்டுவதை பிரென்ட்டும் டாஷ்னியும் 1985-ல் காட்டினார்கள். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கேள்விகள் தானாக விழும். புற்றுநோயைத் தடுக்கும் ஃபேக்டரான பி53-ஐ வைத்துப் பாருங்கள். செல்லுக்குள் எந்தப் புரதம் டிஎன்ஏவின் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் சிப் சோதனையில், பி21 மரபணுவின் புரோமோட்டரில் (தொடக்கப் பகுதியில்) பி53 உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பி21 எம்ஆர்என்ஏ ஏறவில்லை என்றால் தூண்டும் பகுதியைச் சந்தேகப்படுங்கள். உட்காரவே இல்லை என்றால் பிடிக்கும் பகுதி. புற்றுநோய்களில் அடிக்கடி தென்படும் 175, 248, 273-ஆம் அமினோ அமில இட மாற்றங்கள் எல்லாம் இந்தப் பிடிக்கும் பகுதியில்தான். பி53 நாலாகச் சேர்ந்து வேலை செய்யும் புரதம் என்பதால் ஒரு பிரதி கெட்டாலே மற்றதையும் கெடுக்கும். நல்லதும் கெட்டதும் சம அளவில் இருந்து, தன்போக்கில் கலந்து சேர்வதாக வைத்துக்கொண்டால், நாலும் நல்லதாக அமைவது 16-ல் 1 மட்டுமே. இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஜெல் ஷிஃப்ட்: புரதம் பிடித்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக நகர்ந்து மேலேயே நிற்பதைக் காட்டும் சோதனை. புத்தகப் படத்தைப் பார்த்தால் போதாது, பேனா எடுத்து வரையுங்கள். முதல் லேனில் புரோப் (லேபிள் போட்ட டிஎன்ஏ) மட்டும், அடியில் ஒரே பட்டை. இரண்டில் நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்தது, பட்டை மேலே ஏறும். மூன்றில் லேபிள் இல்லாத அதே டிஎன்ஏ ஏராளமாக, மேல் பட்டை மறையும். நான்கில் அதற்குப் பதில் லேபிள் இல்லாத, பிடிப்பிடம் மாற்றிய டிஎன்ஏ, மேல் பட்டை அப்படியே நிற்கும். ஐந்தில் அந்த ஃபேக்டரைப் பிடிக்கும் ஆன்டிபாடி, பட்டை இன்னும் மேலே ஏறும். லேன்களை இடம் மாற்றிக் கொடுத்தாலும் நீங்கள் தடுமாறக் கூடாது. வரைந்து படிப்பது என் சுபாவம், வாசித்தே பிடித்துக்கொள்பவர்களும் இதை ஒருமுறை வரைந்துவிட்டுப் போங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது பிசிஎல்11ஏ. கரு ஹீமோகுளோபினின் பகுதியான காமா குளோபினைப் பெரியவர்களான பின் அடக்கி வைக்கும் ஃபேக்டர் இது. சிக்கிள் செல் நோயாளிக்கு அந்த அடக்குமுறையைத் தளர்த்தினால் கரு ஹீமோகுளோபின் திரும்ப வரும். ஆனால் பிசிஎல்11ஏ மரபணுவையே உடைக்க முடியாது, மற்ற செல்களுக்கு அது தேவை. அதனால் சிவப்பணுப் பரம்பரையில் மட்டும் வேலை செய்யும் என்ஹான்சரில் (மரபணுவை முடுக்கும் டிஎன்ஏ துண்டில்), காட்டா1 என்ற ஃபேக்டர் உட்காரும் இடத்தை கிரிஸ்ப்ரால் வெட்டுகிறார்கள். 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை இதுதான். இந்தியாவில் இந்த நோயின் மரபணு முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-ல். நம் ஊர் மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு ஃபேக்டர், ஒரு என்ஹான்சர், ஒரு செல் வகை: ஜீன் ரெகுலேஷன் முழுக்க இந்த ஒரே உதாரணத்தில் இருக்கிறது.

கடைசி வாரத்துக்கு:

- டிபிபி (டாட்டா பெட்டியைப் பிடிக்கும் புரதம்) டிஎன்ஏவின் மைனர் குரூவில் (குறுகிய பள்ளத்தில்) உட்கார்ந்து அதை வளைக்கும். பெரும்பாலான மற்றவை மேஜர் குரூவில் (அகலப் பள்ளத்தில்).
- ஃபாக்ஸ்-ஏ போன்ற பயனியர் ஃபேக்டர்கள் மூடிய குரோமாட்டினிலும் பிடிக்கும்.
- வளர்ந்த செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பும் யாமனாகாவின் நாலு ஃபேக்டர்கள்: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். 2006 எலி, 2007 மனிதன்.
- குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டர் ஹார்மோன் வரும்வரை எச்எஸ்பி90 என்ற துணைப் புரதத்துடன் சைட்டோபிளாசத்தில். தைராய்டு ரிசப்டர் முன்பே டிஎன்ஏ மேல். இந்த இரண்டையும் கலக்கிக் கேட்பார்கள்.
- சிப்-சீக்கில் (ஜீனோம் முழுக்கச் செய்யும் சிப் சோதனை) பீக் இருப்பது அந்த ஜீன் ஓடுகிறது என்பதற்குச் சான்று ஆகாது. அப்படிச் சொல்லும் ஆப்ஷனை முதலில் அடித்துவிடுங்கள்.