நிர்வாகம் பொறுப்பல்ல

எங்கள் தெருமுனை மெஸ்ஸில் ஒரு பலகை தொங்குகிறது: 'உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அங்கே நிர்வாகம் என்பது கல்லாவில் உட்காரும் அண்ணாச்சி ஒருவர்தான். கூட்டம் சேர்ந்தால் சாம்பார் வாளியையும் அவரே தூக்குவார். போன வாரம் என் குடை காணாமல் போனபோது பேசாமல் பலகையைக் காட்டினார். அந்த நிர்வாகத்தோடு பத்து நிமிடம் சண்டை போட்டுவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சுற்றறிக்கைகளையும் பயிற்சிக் கையேடுகளையும் தமிழாக்குவது என் பிழைப்பு. அன்று மாலை திருத்துவதற்கு வந்த ஒரு தொழிற்சாலை அறிவிப்பில், 'போனஸ் குறித்து மேலாண்மை முடிவெடுக்கும்' என்று இருந்தது. இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் எந்தத் தொழிலாளி அப்படிச் சொல்வார்? முடிவெடுப்பதும், கதவடைப்பு செய்வதும், பேச்சுவார்த்தைக்கு வராமல் இழுத்தடிப்பதும் நிர்வாகம். மேலாண்மையோடு சண்டை போட முடியாது; அது ஒரு வேலையின் பெயர். நீர் மேலாண்மை, திடக்கழிவு மேலாண்மை என்கிறோமே, அப்படி. ஆங்கிலத்தில் ஆட்களுக்கும் வேலைக்கும் 'மேனேஜ்மென்ட்' என்று ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். 'பள்ளி நிர்வாகம்' என்று சொல்லிப் பாருங்கள். அதே பெற்றோருக்குக் கட்டண ரசீதுதான் நினைவுக்கு வரும். கட்சிகளில் நிர்வாகிகள் உண்டு, மேலாளர்கள் கிடையாது.

கடல் தாண்டினால் மூன்றாவது சொல் காத்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின், அடுத்த ஆண்டே இரு நாடுகளும் சட்டம் இயற்றின. இங்கே அது பேரிடர் மேலாண்மைச் சட்டம். இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம். அடித்தது ஒரே அலை, எழுதியது ஒரே மொழி. இரண்டு தலைப்புக்கும் பொதுவாக மிஞ்சியது 'சட்டம்' மட்டும்! முகாமைத்துவம் என்பதை முதலில் படித்தபோது, அகதி முகாம் நடத்தும் துறை போலும் என்று நினைத்துவிட்டேன். யாழ்ப்பாண நண்பரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கட மேலாளர் மட்டும் என்ன, மேல்மாடியில இருக்கிற ஆளோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தொழிற்சாலை அறிவிப்பில் 'நிர்வாகம்' என்று திருத்தி அனுப்பினேன். கூலி கேட்டு எழுதியதற்கு நேற்றுப் பதில் வந்தது: 'நிர்வாகத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்.'

சொல்லைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.