படிகப் பெட்டி கிரெனோபிள் போய்ச் சேர்வதற்குள்

புரோட்டீன் படிகங்களை சின்க்ரோட்ரானுக்கு (வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய இயந்திரம்; எங்களுக்கு பிரான்சின் கிரெனோபிளில்) அனுப்பப் போகிறவர்கள் ஏர்வே பில்லை (விமானச் சரக்குச் சீட்டை) ஏஜென்ட்டை நம்பி விடாதீர்கள். 'நாட் ரெஸ்ட்ரிக்டட்' (கட்டுப்பாடு இல்லாத சரக்கு), 'ஏ152' (விலக்கு விதியின் எண்) இரண்டும் அதில் இருந்தே ஆக வேண்டும். எழுதிக் கொடுத்தோம்; எங்கள் ஏஜென்ட் டைப் அடிக்கும்போது விட்டுவிட்டார். சரக்குப் பிரிவில் 'திரவ நைட்ரஜன்' என்பதைப் பார்த்ததும் டிரை ஷிப்பரை (படிகங்களை உறைகுளிரில் வைத்திருக்கும் பெட்டியை) ஓரங்கட்டிவிட்டார்கள். நைட்ரஜன் முழுக்க உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கு, கவிழ்த்தாலும் சொட்டாது, ஐ.ஏ.டி.ஏ. (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதியிலேயே விலக்கு இருக்கு என்று எவ்வளவு சொல்லியும், "அபாய சரக்கு டிக்ளரேஷன் இல்லாம ஏத்த முடியாது சார்" என்பதையே கவுன்டர்காரர் திருப்பித் திருப்பிச் சொன்னார். பில்லைத் திருத்தி வாங்குவதற்குள் வார இறுதி வந்துவிட்டது. நடுவில் யாரோ பெட்டியைப் படுக்கவைத்திருக்கிறார்கள் போல, படுத்த பெட்டியில் குளிர் சீக்கிரம் போய்விடும். கிரெனோபிளில் எக்ஸ்ரே பட்டபோது திரையில் பனி வளையங்கள்தான் தெரிந்தன, நல்ல படிகம் தரும் புள்ளி ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புரோட்டீனின் வடிவத்தைக் கணித்துத் தரும் ஏ.ஐ. ஆல்ஃபாஃபோல்டு இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுடையது அடினைலேட் கைனேஸ், இரண்டு ADP மூலக்கூறுகளை ஒரு ATP-யாகவும் (மூன்று பாஸ்பேட் உள்ளது) ஒரு AMP-யாகவும் மாற்றி செல்லின் சக்திக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் நொதி. வேலை செய்யும்போது அதன் மூடி வந்து கவிந்துகொள்ளும். தண்ணீர் உள்ளே புகுந்து பாஸ்பேட்டை வீணாக்காமல் இருக்க அது தேவை. ஆல்ஃபாஃபோல்டு மாடல் ஃபேஸ் (எக்ஸ்ரே புள்ளிகளில் பதிவாகாத அலைக்கட்டம்) கண்டுபிடிக்க உதவியது, சரி. ஆனால் எங்கள் நொதியில் மூடி எப்படி உட்காருகிறது, எந்த ஆர்ஜினின் (ஓர் அமினோ அமிலம்) எந்தப் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது என்பதற்கு எங்கள் படிகமே சாட்சி சொல்ல வேண்டும்.

நல்லவேளை, ஒவ்வொரு படிகத்துக்கும் ஜோடி ஒன்றை லேப் டூவாரில் (திரவ நைட்ரஜன் குடுவையில்) வைத்திருந்தோம். நீங்களும் கட்டாயம் வையுங்கள். ஷிப்பரை நிரப்பி, மிச்சத் திரவத்தைக் கொட்டிவிட்டு, தினமும் எடை போட்டுப் பாருங்கள். எடை வேகமாக இறங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்த தடவை பில்லை நானே பக்கத்தில் நின்று வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எலெக்ட்ரான் அடர்த்தி மேப்பில், நொதியில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்தும் தடுப்பான் ஏ.பி.5.ஏ. பளிச்சென்று தெரிந்தது, மூடியும் மூடியிருந்தது. ஆனால் இந்தப் படிகம் மூடிய நிலையை மட்டும்தான் காட்டும். மூடி திறக்கும் வேகம்தான் இந்த நொதியின் மொத்த வேகத்தையே பிடித்து வைக்கிறது, அதை அளக்க என்.எம்.ஆர். (காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறின் அசைவைப் பார்க்கும் முறை) வேண்டும். அந்த மெஷின் எங்கள் கேம்பஸிலேயே இருக்கிறது, ஏர்வே பில் தேவையில்லை.