நகைக்கடன் மேசையில் கண்ட மதிப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தவன் நான். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் மண்டிகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் பகுதியில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் எங்கள் மேசைக்கு முன்னால் நிற்க இடம் இருக்காது. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசி, அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, மஞ்சள் நிற்கிறதா மங்குகிறதா என்று பார்ப்பார். கல்லுக்கும் அரக்குக்கும் எடையைக் கழித்து மீதியைச் சீட்டில் குறிப்பார். பாட்டி கழுத்தில் கிடந்தது, தாய்மாமன் சீராகப் போட்டது என்று உரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நகை பைக்குள் போய், கடன் எண்ணாகிவிடும்.

நகையின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் தரக் கூடாது என்பது நெடுநாள் விதியாக இருந்தது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், விவசாயம் அல்லாத தேவைகளுக்கு ரிசர்வ் வங்கி அதைத் தற்காலிகமாக 90 சதவீதமாக உயர்த்தியது. 2021 மார்ச்சுடன் அந்தச் சலுகை முடிந்தது. அதே சங்கிலி, அதே எடை. ஆனால் அதை வைத்துக் கிடைக்கும் தொகையை எங்கோ இருப்பவர்கள் தீர்மானித்தார்கள். தன் மதிப்பைக் கழுத்திலும் பத்திரத்திலும் வைத்திருக்கும் மனிதன், தன்னைக் கூட்டவும் குறைக்கவும் உரிமையை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்துவிடுகிறான் என்ற எண்ணம் எனக்கு எந்தப் பிரசங்கத்திலும் வரவில்லை. அந்தச் சுற்றறிக்கையைப் படித்தபோதுதான் வந்தது.

எங்கள் கிறிஸ்தவ சபையிலேயே வசதியானவர் என்று பெயரெடுத்த பெரியவர் ஒருவர், மகனின் தொழிலுக்காக அடகு வைக்க வந்தபோது, வாடிக்கையாளர்கள் எல்லாரும் போன பிறகு கடைசியாக உள்ளே வந்தார். "தம்பி, நம்ம சபையில யாருக்கும் தெரிய வேண்டாங்க" என்றார். "தெரியாதுங்கய்யா" என்றேன். கையெழுத்துப் போடும்போது அவருடைய விரல்கள் நடுங்கின. பணமுடை அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடகு வைப்பவர் என்று ஆகிவிடுவதுதான் அவரை நடுங்க வைத்தது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் பெண் ஒருவர் வருவார். சிலுவை பதித்த தாலியைச் சங்கிலியிலிருந்து கழற்றி, கையோடு கொண்டுவந்த மஞ்சள் கயிற்றில் கோத்து, எங்கள் எதிரிலேயே கழுத்தில் கட்டிக்கொண்டு, சங்கிலியை மட்டும் மேசையில் வைப்பார். "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் சார், காப்பி அறுப்பு முடிஞ்சதும் திருப்பிக்கிறேன்" என்பார், மளிகைக் கடையில் பேசுவது போல. வறுமை அழகானது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு வேண்டியது பணம். "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்ற வசனத்தை ஜூன் மாதத்தில் அவரிடம் எடுத்துச் சொல்பவருக்கு வெட்கம் கிடையாது என்பதே என் எண்ணம். ஆனால் சங்கிலி போனதால் தான் யார் என்பதில் அவருக்கு ஒன்றும் குறையவில்லை என்பதும் கண்கூடு.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் சேர்ந்து கையெழுத்திட்டு நகையை மீட்க வேண்டும். அண்ணன் தம்பிகள் குரல் உயர்த்துவதை அங்கே நிறையக் கேட்டிருக்கிறேன். "பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்; ஏனெனில் ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல" என்று இயேசு சொன்னதும், சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி தன் சகோதரனுக்குக் கட்டளையிடச் சொல்லி வந்து நின்ற ஒருவனை முன்னிட்டுத்தான். அவனுடைய பங்கு நியாயமா அநியாயமா என்று அவர் தீர்ப்புச் சொல்லவே இல்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வந்தனின் கதையைச் சொன்னார். அந்தச் செல்வந்தன் பேசுவதெல்லாம் என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா என்றுதான். பேசுவதற்கும் அவனுக்கு அவனைத் தவிர வேறு ஆள் இல்லை.

இதற்கு வேதம் வைக்கும் மாற்று, உடைமையை வெறுப்பது அன்று என்றே நான் வாசிக்கிறேன். "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று ஏசாயா 43ஆம் அதிகாரத்தில் வரும் வாக்கு, நிலமும் ஆலயமும் அரசனும் பறிபோய்ப் பாபிலோனில் அடைபட்டிருந்த மக்களின் நிலைமைக்குச் சொன்னது. காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பெயர் முதலில் கிடைத்தது. ஆகவே கையிலிருப்பது போகும்போது அந்தப் பெயர் கூடவே போவதில்லை. அந்தப் பெரியவருக்கும் இந்த வசனம் மனப்பாடம். அதை நம்பி மதிய நேரத்தில் வங்கிக்குள் நுழைவதற்குத் தேவையான துணிவை நாங்கள் சபையாக அவருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களின் பெயரைத் தொகை வரிசையில் சலவைக்கல்லில் பொறித்துச் சுவரில் பதித்திருக்கும் இடத்தில் அவர் வேறு எப்படி வருவார்?

ஆலயத்துக்குப் புதிய மின்விசிறிகள் வாங்கும் பேச்சு வந்தபோது, இறக்கைகளில் உபயதாரர் பெயர் எழுத வேண்டாம் என்று கமிட்டியில் சொன்னேன். நெடுநேரம் வாதாடினார்கள், பெயர் இல்லாவிட்டால் ஒருவரும் தர மாட்டார்கள் என்று பொருளாளர் அடித்துச் சொன்னார். கடைசியில் ஒருவர் மட்டும் தம் தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மின்விசிறிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. சலவைக்கல்லைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.