பாட்டை நிறுத்திவிட்டுப் பேசும் இடம்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 24, 40, 65 என்று மூன்று நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. லாரி கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒன்றில் எனக்கு இரவு டிஸ்பாட்ச் வேலை, அதாவது எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று போனில் டிரைவர்களுக்குச் சொல்லும் வேலை. பக்கத்து நாற்காலிப் பெரியவர் டபிள்யூ.எஸ்.எம். வானொலியை விடியும்வரை அணைக்கமாட்டார். 1925இல் தொடங்கிய நிலையம், 50,000 வாட். இரவில் மீடியம் வேவ் வெகுதூரம் போகும் என்பதால், போன் எடுத்தால் டிரைவர் பக்கமிருந்தும் அதே கிதார் கேட்கும்.

இளையராஜாவில் வளர்ந்த காதுக்கு அதில் வரும் பழைய கன்ட்ரி பாட்டுகள், அமெரிக்காவின் கிராமத்து இசை, முதலில் பிடிபடவில்லை. மூன்றே கிதார் கார்டு (chord), மூக்கால் பாடும் குரல், ஸ்டீல் கிதாரின் இழுவை. என்னை உட்கார்ந்து கேட்கவைத்தது கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸின் 1980ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று, ‘ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்றவன் சொன்னபடியே செத்துப்போகிறான். அவள் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறாள். அந்த இடத்தில் ஜோன்ஸ் பாடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பேசுகிறார். பின்னால் ஒரு பெண்குரல் இழைகிறது. இவரோ பக்கத்து வீட்டுச் சேதி சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். நம் படமென்றால் ஷெனாய் அழுது தீர்த்திருக்கும். இத்தனை சோகத்தை யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸே சந்தேகப்பட்டாராம்.

அந்தக் குரலை நான் வேலையிலும் கேட்டிருக்கிறேன். ஓக்லஹோமாவில் நின்றிருந்த டிரைவர் ஒருவர் விடிகாலையில் கூப்பிட்டு, அப்பா தவறிவிட்டார், லோடை யாரிடம் ஒப்படைக்கலாம் என்றார். டீசல் கார்டு வேலை செய்யவில்லை என்று சொல்லும் அதே தொனி. அன்றைய 11 மணி நேர ஓட்டம் முடிந்துவிட்டது. சட்டப்படி இனி 10 மணி நேரம் ஓய்வெடுக்காமல் அந்த லாரியை அவர் ஓட்ட முடியாது. அதையும் அவரே சொன்னார். பின் டயர் ஒன்றில் காற்று குறைவு, மாற்ற வருபவரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். பெரியவர் வேறு டிரைவரைத் தேட ஆரம்பித்தார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொன்னதாக நினைவில்லை.

கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனும் பாட்டை நிறுத்திப் பேசும் இதே வித்தையைச் செய்திருக்கிறார். பாடகர் போர்ட்டர் வேகனரின் டிவி நிகழ்ச்சியில் 1967இல் சேர்ந்தவர், தனியாகப் போக நினைத்தபோது வேகனர் விடவில்லை. பேசிப் பயனில்லை என்று ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்ற பாட்டை எழுதி, அவர் அறைக்கே போய்ப் பாடிக்காட்டினார். உலகம் காதல் பாட்டென்று நினைத்திருக்கும் அது, உண்மையில் ராஜினாமா கடிதம். வேகனர் அழுதுவிட்டாராம், ஆனாலும் 1979இல் வழக்குப் போட்டார், அது வேறு கதை. 1974இல் வெளிவந்த அந்தப் பாட்டிலும் கடைசி வாழ்த்தை டாலி பாடவில்லை, பேசுகிறார். 1992இல் அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடியது மகத்தான குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகிறவர் யாரும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

எங்கள் பிரிவு உபசார விருந்துகளில் எப்போதும் ஹூஸ்டன்தான். பெரியவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். தன் விருந்தில் டாலிதான் ஒலிக்க வேண்டும் என்று மேனேஜரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்.