பழைய பெயர்

"உங்கள் எஸ்டா அனுமதி பழைய பாஸ்போர்ட் எண்ணில் இருக்கிறது."

இன்று மாலை ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில், எனக்கு முன்னால் நின்ற புதுமணத் தம்பதியிடம் கவுன்டர் ஊழியர் தலை தாழ்த்திச் சொன்னார். அமெரிக்காவின் ஹோனலுலுவுக்குத் தேனிலவுப் பயணம். அந்தப் பெண்ணின் கையில் முனை மடங்காத புத்தம்புதுச் சிவப்பு பாஸ்போர்ட்.

ஜப்பானியர்கள் 1988 முதல் விசா இல்லாமலே அமெரிக்கா சென்று 90 நாள் தங்கலாம். ஆனால் 2009 முதல் எஸ்டா என்ற இணைய முன்அனுமதி கட்டாயம். இரண்டு ஆண்டுகள் செல்லும் என்றாலும், பாஸ்போர்ட் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். 21 டாலராக இருந்த கட்டணம் 2025 செப்டம்பர் இறுதியில் 40 டாலராகிவிட்டது.

கணவரின் அனுமதிக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய பெயர் மாறவில்லையே!

மணமானால் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர் என்கிறது ஜப்பானியச் சட்டம். யாருடைய பெயர் என்று சொல்வதில்லை. ஆனாலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட திருமணங்களில் பெண்தான் தன் பெயரை விடுகிறாள். வங்கி, உரிமம், பாஸ்போர்ட் என்று அலைவதும் அவள்தான். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

புதிய எஸ்டாவுக்கு விண்ணப்பித்தால் முடிவு தெரிய 72 மணி நேரம்வரை ஆகலாம். விமானத்துக்கு இரண்டு மணி நேரமே இருந்தது.

அந்தப் பெண் பெட்டிமேல் அமர்ந்து கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பினார். வேறு பெயர் உண்டா என்றொரு கேள்வி. விரல் சற்று நின்றது.

பிறகு, பிறந்த வீட்டுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.