மூன்று நாள் லங்கணம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாளையிலிருந்து மூன்று நாள் உண்ணாநோன்பு. ஆறு மாதமாக வயிற்று மந்தமும் ஏப்பமும் விட்டபாடில்லை. இயற்கை மருத்துவர் நாக்கைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்ற பிறகுதான் சம்மதித்தார். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் வீட்டில் தாமாக இதில் இறங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேருமாம். எனக்கு எலுமிச்சையும் தேனும் கலந்த தண்ணீர், நடுவில் இளநீர். இன்று இரவு பப்பாளி மட்டும். பக்கத்தில் பையன் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் எனிமா. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அப்புறம் வயிற்றில் ஈர மண்பட்டி, இருபது நிமிடம். ஜில்லென்று சுகமாக இருந்தது.

பசி கடிகாரம் பார்த்து வருகிறது. ஒரு மணிக்கு வந்தது, இரண்டு மணிக்குத் தானே போய்விட்டது. அம்மாவுக்கு எண்பத்தொன்று. ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவள். “லங்கணம் பரம ஔஷதம்னு உங்க தாத்தா சொல்லுவார். அவர் தேனெல்லாம் குடிக்கலடா” என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலை விண்விண் என்று தெறிக்கிறது. நாக்கில் மாவு பூசினாற்போல வெள்ளை. மருத்துவருக்குப் போன் செய்தேன். “கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க” என்றார். எனக்கென்னவோ காபி மேல்தான் சந்தேகம். கும்பகோணத்துக்காரன், முப்பது வருடமாகத் தினம் மூன்று டம்ளர். ஒரேயடியாக நிறுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்?

கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளைக்குத்தான் வரும். பிறகு உடம்பு கொழுப்பில் கை வைக்கும். அதில் உண்டாகும் கீட்டோன்களால் வாயில் கனிந்து அளிந்த பழத்தின் வாடை. மனைவி தள்ளி உட்கார்ந்தே பேசுகிறாள். எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். போனதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

தலைவலி போன இடம் தெரியவில்லை. வயிறு லேசாகிவிட்டது. சட்டென்று எழுந்தபோது மட்டும் கண் இருட்டியது.

1943 பிப்ரவரியில், புனே ஆகா கான் மாளிகைக் காவலில், 73 வயதில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். முடித்தபோது குடித்தது தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. மருத்துவர் எனக்கு எழுதித் தந்த தாளிலும் முதல் நாள் பழச்சாறு, மறுநாள் பழம், அதற்கு அடுத்த நாள் கஞ்சி. மூன்றே நாளுக்கு இத்தனை கெடுபிடியா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் சாறு குடித்தேன். பத்து மணிக்கு வந்த பசி இந்த மூன்று நாளில் பார்த்த பசியே இல்லை. கடைத்தெருவுக்குப் போனவன் இரண்டு மெதுவடையைச் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றுவிட்டு வந்தேன். சாயங்காலம் வயிற்றைப் பிசைந்து எடுத்தது. ஐந்து முறை போய் வந்தாயிற்று.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஏகாதசிக்கு மறுநாள் விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இல்லாமல் அவள் இலை முன்னால் உட்கார்ந்ததே கிடையாது. எனக்கோ தாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மோர்த்தெளிவு, மத்தியானம் நொய்க்கஞ்சி. மருத்துவரிடம் வடையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கொடியேற்றத்தில் பையனுக்குக் கொடுத்த மிட்டாயை மனைவி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்.